துருப்பிடிக்க நேரமே கிடைக்காத டைகர்! உங்கள் மாடலில் வழியும் துரு பொய்யா?

[திரையில்: துரு வழியும் ஒரு டைகர் டாங்கி மாடல், மெதுவாகச் சுழல்கிறது]

இந்த மாடலைப் பாருங்கள். 1/35 அளவு டைகர் டாங்கி. பக்கமெல்லாம் துரு வழிகிறது, பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருக்கிறது, சக்கரம் மூழ்க மஞ்சள் மணல். அட்டகாசமான கைவேலை, சந்தேகமில்லை. ஆனால் டரட்டில், அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் மேற்கூட்டில், 131 என்று எண் ஒட்டியிருக்கிறாரே இதைச் செய்தவர், அங்கேதான் சிக்கல். அந்த எண்ணை ஒட்டிய பிறகு இதில் பாதி அழுக்கு செல்லாது. அதை நிரூபிக்க எனக்கு ஒரு காலண்டர் போதும்.

வணக்கம் நண்பர்களே. ஏர்பிரஷ்ஷைக் கொஞ்சம் கீழே வையுங்கள், சப்ஸ்கிரைப் பட்டனை மட்டும் அழுத்திவிட்டு வாருங்கள்.

[திரையில்: துனிசியா வரைபடம்]

பின்னணியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். டைகர் என்பது இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி செய்த கனரக டாங்கி; சுமார் 57 டன், 88 மில்லிமீட்டர் பீரங்கி. 131 என்றால் முதல் கம்பெனி, மூன்றாவது பிளட்டூன், முதல் வண்டி. படைப்பிரிவு, 504ஆவது கனரக டாங்கிப் பட்டாலியன். துனிசியாவில் பிரிட்டிஷாரிடம் கிட்டத்தட்ட முழுசாகச் சிக்கியது. இன்றும் இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் இருக்கிறது. அவ்வளவுதான் பின்னணி.

இனி காலண்டர். 1943 பிப்ரவரியில் காசெல் நகரத்து ஹென்ஷெல் ஆலையில் இந்த வண்டி தயாரானது. மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் நடுவுக்கும் இடைப்பட்ட நாட்களில் கடல் தாண்டி துனிசியா வந்தது. ஏப்ரல் 24இல் பிடிபட்டது. கணக்குப் போடுங்கள்: பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆப்பிரிக்க மண்ணில் ஓடியது அதிகபட்சம் ஐந்து வாரம்!

முதல் உழவு முடித்து வந்த புது டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள். மட்கார்டு வரைக்கும் சேறு, ஏறி இறங்கும் இடத்தில் பெயிண்ட் தேய்ந்திருக்கும், டீசல் ஊற்றும் வாயைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. ஆனால் துரு இருக்காது. டைகர் 131உம் அப்படித்தான். குழுவினர் மிதித்து ஏறும் விளிம்புகள், ஹேட்ச் எனும் வாசல் மூடிகளின் ஓரங்கள், கருவிகளைக் கழற்றி மாட்டும் இடங்கள், இங்கெல்லாம் தாராளமாகச் சிப்பிங் செய்யுங்கள், அதாவது பெயிண்ட் பெயர்ந்த தடம் வையுங்கள். தரையில் உரசும் டிராக், அதாவது இரும்புச் சங்கிலிப் பட்டையின் முகப்பும் பல்சக்கரத்தின் பற்களும் பளபளக்கட்டும். பின்பக்க எக்சாஸ்ட் குழாய்களுக்குத் துரு போடலாம். அந்தச் சூட்டில் பெயிண்ட் கருகி, தகடு சில நாட்களிலேயே துருவேறிவிடும். மற்றபடி பக்கவாட்டில் நீளமாக வழியும் துருக்கோடுகள் வேண்டாம். அவை வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும் இரும்புக்கு உரியவை.

[திரையில்: கோதுமை வயல், பின்னால் மலைமுகடு]

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஆப்பிரிக்கா என்றதும் நம் கை தானாக மஞ்சள் பிக்மென்ட் (வண்ணப்பொடி) டப்பாவைத் தேடுகிறது. சண்டை நடந்ததோ மெஜெஸ் எல் பாப் பக்கம், மெஜெர்தா ஆற்றுப் பள்ளத்தாக்கில். ரோமானியர் காலத்திலிருந்தே தானியம் விளையும் பூமி அது. 1942 டிசம்பரில் அங்கே பெய்த மழையில் வண்டிகள் சேற்றில் புதைந்து நேச நாட்டுப் படைகளின் முன்னேற்றமே நின்றுபோனது. ஏப்ரலில் பயிர் நிற்கும், பாதைகளில் புழுதி பறக்கும். ஆகவே உங்கள் டாங்கிக்குத் தேவை பாலைவன மணல் அல்ல, வயல் மண். கீழே காய்ந்த பழுப்புச் சேறு, மேலே மெல்லிய புழுதிப் படலம், டிராக்கில் சிக்கிய நாலைந்து பச்சைப் பயிர்த் தாள்கள். பச்சைத் தாள் ஒட்டிய ஆப்பிரிக்க டைகர்! போட்டியில் நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட ருசியான விஷயம் ஒன்று. இந்த டாங்கி ஏப்ரல் 21இல் ஜெபல் ஜாஃபா என்ற இடத்தில் பிடிபட்டதாகத்தான் பல வருடங்கள் எல்லோரும் எழுதினார்கள். அப்புறம், அந்தப் போரில் இருந்த பிரிட்டிஷ் காலாட்படை வீரர் ஒருவரின் மகன், அப்பா சொன்ன கதைக்கும் அச்சில் இருந்ததற்கும் பொருந்தவில்லையே என்று தோண்ட ஆரம்பித்தார். தேதியும் மாறியது, இடமும் மாறியது: ஏப்ரல் 24, குரியாத் எல் அதாஷ் முகட்டில் 174ஆம் புள்ளி. எண்பது வருடப் புகழ் கொண்ட டாங்கிக்கே இந்தக் கதி என்றால், கிட் பெட்டியின் பின்பக்கத்தில் அச்சடித்த நாலு வரியை நம்பி டயோரமா, அதாவது மாடலை வைத்து ஒரு முழுக் காட்சி, செய்யலாமா? நான் செய்ய மாட்டேன்.

காயங்களும் கணக்கில் உண்டு. பிரிட்டிஷாரின் சர்ச்சில் டாங்கியின் 6 பவுண்டர் பீரங்கி சுட்ட குண்டு ஒன்று பீரங்கிக் குழலில் பட்டுத் தெறித்து, டரட் வளையத்தில் சிக்கி, டரட் திரும்பவிடாமல் செய்தது. இன்னொன்று டரட்டைத் தூக்கும் கொக்கிக் காதில் பட்டது, மூன்றாவது லோடர், அதாவது குண்டு நிரப்புபவர், ஏறும் ஹேட்ச்சில். பிடிபட்ட நிமிடத்தைக் காட்டப்போகிறீர்கள் என்றால் இந்த மூன்றும் வேண்டும். அதற்கு முந்தைய நாளைக் காட்டுகிறீர்கள் என்றால் ஒன்றுகூட வேண்டாம்.

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படம்]

படங்களிலும் ஒரு பொறி இருக்கிறது. பிடித்தவர்கள் பழுது பார்த்து, துனிஸ் நகரில் காட்சிக்கு வைத்தார்கள். அரசர் ஆறாம் ஜார்ஜே வந்து பார்த்தார். அப்போது அதன் மேல் பிரிட்டிஷ் முதலாம் ராணுவத்தின் சின்னமும் ஏறிவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்து ஜெர்மன் குழுவை உள்ளே உட்கார வைத்தால் கூத்துதான். போவிங்டனில் போய் எடுத்த கலர் படமும் உதவாது. அந்த வண்டிக்கு அதன் பிறகு எத்தனையோ தடவை பெயிண்ட் அடித்தாகிவிட்டது. வடிவத்துக்கு அருங்காட்சியகம், அழுக்குக்குப் போர்க்காலப் படம்.

சிம்மரிட், அதாவது காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்க ஜெர்மன் டாங்கிகளில் பூசிய பசை? 1943 ஆகஸ்ட் கடைசியில்தான் ஆலைகளில் அந்தப் பூச்சு வந்தது, நம் வண்டி ஏப்ரலிலேயே கைதாகிவிட்டது. அந்தப் பூச்சைச் செய்ய எடுத்த புட்டிப் பசையை மூடி வையுங்கள்.

சரி, உங்கள் மேசையில் இப்போது எந்த வண்டி இருக்கிறது? எண், படைப்பிரிவு, மாதம், இந்த மூன்றையும் கமென்ட்டில் போடுங்கள். அடுத்த வீடியோவுக்கு அதிலிருந்தே ஒன்றை எடுக்கிறேன். மாதம் போடாதவர்களுக்குத் துரு கிடையாது.