டிஷ்ஷிலிருந்து டீவிக்கு எந்தக் கேபிள், எத்தனை கேபிள்?

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத் தொடர்மாடிகளில் யாரைக் கேட்டாலும் "மழை வந்தா டீவி போயிடும்" என்பார்கள். கொட்டுகிற மழையில் சிக்னல் குறைவது உண்மைதான், அதற்குக் கேபிளால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வெயில் அடிக்கும்போதும் படம் கட்டம் கட்டமாக உடைந்தால், முதலில் கேபிளைப் பாருங்கள்.

(காட்சி: டிஷ் கையின் நுனி, நெருக்கத்தில்)

இந்தச் சின்னப் பெட்டிதான் எல்என்பி. செயற்கைக்கோளின் அலையை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இறக்கிக் கேபிளில் விடுவது இதன் வேலை. இதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? கீழே இருக்கும் ரிசீவர்தான் அதே கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. பொதுவாக 13 செங்குத்து அலைக்கு, 18 கிடை அலைக்கு. சில சனல்கள் நன்றாக வந்து, மற்றவை மொத்தமாகக் காணாமல் போனால், 18 வோல்ட் மேலே முழுதாகப் போய்ச் சேரவில்லையோ என்று சந்தேகப்படலாம்.

சுவருக்குள் பழைய ஆர்ஜி59 வகைக் கேபிள் கிடக்கிறது, அதையே பாவிக்கலாமா? வேண்டாம். அதுவும் டிஷ்ஷுக்கு வேண்டிய 75 ஓம்தான், ஆனால் கம்பி மெல்லியது. சிக்னலை வழியிலேயே தின்றுவிடும். அதைவிடத் தடித்த ஆர்ஜி6 கேபிள் வாங்குங்கள். வெளியில் ஓடுவதற்குக் கறுப்பு உறைதான் வெயிலைத் தாங்கும்.

(காட்சி: நடுக்கம்பியில் ஒட்டும் காந்தம்)

புறக்கோட்டைக்கு வாங்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. நடுக்கம்பியில் காந்தம் ஒட்டினால் அது செப்பு பூசிய இரும்பு. சிக்னல் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும் என்பதால் படத்துக்கு அதனால் கெடுதல் இல்லை. எல்என்பிக்குப் போகும் கரண்ட் அப்படியல்ல, அது முழுக் கம்பியிலும் ஓடும்; இரும்பு நீளமாகப் போனால் வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். 15 மீட்டருக்கு இரும்பு போதும், வீண் செலவு வேண்டாம். மொட்டைமாடியிலிருந்து கீழ் மாடி வரை 40, 50 மீட்டர் இறங்குகிறதென்றால் முழுச் செப்பே எடுங்கள். அதுவும் இடையில் ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக.

அப்புறம், கொழும்பில் கேபிளைக் கொல்வது பெரும்பாலும் கனெக்டர்தான். கடற்காற்றின் உப்பு உள்ளே போனால் உறைக்குள் இருக்கும் கம்பிப் பின்னல் பச்சை பிடித்துவிடும். உறையை உரித்ததும் பின்னலைப் பின்பக்கம் மடித்துவிடுங்கள். ஒரே ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். கையால் திருகும் கனெக்டர் மலிவுதான், ஆனால் நாளாக நாளாகத் தளரும். அமுக்கிப் பூட்டும் கம்ப்ரெஷன் வகைதான் என் தேர்வு. மேலே தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு மழைக்காலம் தாங்கினாலே பெரிது. வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டால் நீர் வெளியிலேயே சொட்டிவிடும்.

இரண்டு அறையில் டீவியா? கேபிள் டீவிக்குப் போடுகிற ஸ்பிளிட்டரைப் போட்டுவிடாதீர்கள். ஒரு ரிசீவர் 13 கேட்கும், மற்றது 18 கேட்கும். ஒரே எல்என்பி இரண்டுக்கும் எப்படிப் பதில் சொல்லும்? இரட்டை வாய் எல்என்பி போட்டு, ஒவ்வொரு ரிசீவருக்கும் தனிக் கேபிள் இழுங்கள். ஏணி வைக்கும் நாளிலேயே இரண்டையும் சேர்த்து இழுத்தால் கூலி ஒன்றுதான். கனெக்டரில் கைவைக்கும் முன் ரிசீவரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சரியா?