ரேட்டிங் குறைந்தவர் ஜெயித்த ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம். மாணவர் செஸ் போட்டியில் 1500 ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) உள்ள பிள்ளை 1700 ரேட்டிங்காரரைத் தோற்கடித்துவிட்டால், வெளியே காத்திருக்கும் பெற்றோர் நடுவே ஒரு சலசலப்பு கிளம்பும். ஏதோ அதிசயம் நடந்த மாதிரி பேசுவார்கள். ஆனால் ஆர்பாட் எலோ வகுத்து, 1970இல் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே ஏற்றுக்கொண்ட கணக்கைப் பாருங்கள். ரேட்டிங்கில் 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், ரேட்டிங்கில் பெரியவர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 0.76 புள்ளி எடுப்பார், மீதி 0.24 ரேட்டிங்கில் சின்னவருக்கு. நான்கு ஆட்டத்தில் ஏறக்குறைய ஒரு புள்ளி. அது இன்றைக்கு வந்தால் என்ன ஆச்சரியம்?

அந்தப் புள்ளி வரும் விதம்தான் சுவாரசியம். பல நேரம் சின்னவர் பிரமாதமாக ஆடி வாங்குவதில்லை, பெரியவர் டிராவுக்கு மனம் வராமல் கொடுத்துவிடுகிறார்.

நான் பார்த்த ஓர் ஆட்டம், அதே 200 புள்ளி வித்தியாசம். இருவரிடமும் ராஜா, ஒரு யானை, நான்கு நான்கு சிப்பாய்கள். கறுப்பு ஆடிய, ரேட்டிங் குறைந்த சிறுவன் யானையால் ஒரு சிப்பாயைத் தாக்குவான், வெள்ளை தன் யானையால் காக்கும். அடுத்ததைத் தாக்குவான், அதையும் காக்கும். ஒரே நிலை இரண்டு முறை வந்தாயிற்று. மூன்றாவது முறை வந்தால் டிரா கேட்கலாம். இருவருக்கும் அது தெரியும்.

வெள்ளை ஆடிய பெரியவர் எதிராளியின் ரேட்டிங்கை நினைத்தாரோ என்னவோ, காவலை விட்டுவிட்டு யானையை ஓரத்துக்கு ஓட்டி ஒரு சிப்பாயை வெட்டினார். சிறுவனும் ஒன்றை வெட்டினான். எண்ணிக்கை சமம்தான். ஆனால் நடுவில் அவனுடைய சிப்பாய்க்கு இப்போது வழி திறந்துவிட்டது, ராஜாவும் பக்கத்திலேயே துணைக்கு நிற்கிறார். ஓரத்துக்குப் போன யானை திரும்பி வருவதற்குள் அந்தச் சிப்பாய் ஏழாவது கட்டத்துக்குப் போய்விட்டது, இன்னும் ஒரு கட்டம் போனால் ராணி. சிறுவன் தந்திரம் எதுவும் செய்யவில்லை. சிப்பாய்க்குப் பின்னால் யானையை வைத்தான், அவ்வளவுதான்.

18 வயதுக்குட்பட்டவர்களுக்கு, எடுத்த புள்ளிக்கும் எதிர்பார்த்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை 40ஆல் பெருக்கி ரேட்டிங்கை மாற்றுவார்கள். டிரா ஆகி அரைப் புள்ளி வந்திருந்தால் பெரியவருக்கு 10.4 ரேட்டிங் புள்ளி நஷ்டம். அதைக் காப்பாற்றப் போய் 30.4 புள்ளி போனது.

சரி, அப்புறம் என்ன ஆயிற்று? இந்தப் போட்டிகள் நடக்கும் சுவிஸ் முறையில் தோற்றவருக்கு அடுத்த சுற்றில் பெரும்பாலும் அதே அளவு புள்ளி வைத்திருப்பவர்தான் எதிராளி. மறுபடியும் ரேட்டிங் குறைந்த ஒருவரே வந்தார். இந்த முறை நம் பெரியவர், பலகை நிறையக் காய்கள் இருக்கும்போதே, நல்ல நிலையில் இருந்துகொண்டு, தானாகவே டிரா கேட்டுவிட்டார்.