டெங்கில் பக்கம் டுரியான் வாங்கப் போய் ஒரு நிலக் கதை

வணக்கம் மக்களே, சத்தம் கேக்குதா, லாரியா போய்க்கிட்டு இருக்கு, மலேசியாவுல, சிலாங்கூர் மாநிலத்து டெங்கில் பக்கம் ரோட்டோரமா நிக்கிறேன். இங்க ஒரு பாக்சிக், அதாவது மலாய்ல பெரியவரு, டுரியான் விக்கிறாரு, தெமுவான்காரரு. கேமராவுல வரமாட்டேன்னுட்டாரு, அதனால அவரு கைய மட்டும் பாருங்க. பழத்தோட அடியில கோடு கோடா இருக்குல்ல, அதுல கத்தி முனைய வச்சு ஒரே திருப்பு, பொளந்துக்கிச்சு. நான் வீட்ல இதோட மல்லுக்கட்டுவேன்.

தெமுவான் யாருன்னா, ஓராங் அஸ்லின்னு சொல்ற இங்கத்த பூர்வகுடி மக்கள்ல மொத்தம் 18 இனம், அதுல ஆதி மலாய் பிரிவுல வர்றவங்க, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், மலாக்கா பக்கமெல்லாம் இருக்காங்க. பேசுறது நம்ம காதுக்கு மலாய் மாதிரியேதான் கேக்கும், ஆனா பாதியில புரியாமப் போயிரும். ஊர்த்தலைவர பாத்தின்னு சொல்வாங்க. எங்க தாத்தா இவங்கள 'சக்காய்'னு சொல்வாரு, அது வசவுங்க, கமெண்ட்ல கூட போட்டுடாதீங்க.

மரம் யாருதுன்னு கேட்டேன், தாத்தா வச்சதுன்னாரு. உடனே எனக்கு புக்கிட் தம்போய் ஞாபகம் வந்துருச்சு, அதுவும் இதே டெங்கில்தான். 1995-ல, விமான நிலையத்துக்குப் போற நீலாய்-பந்திங் ஹைவேக்காக அங்க இருந்த தெமுவான்காரங்க நிலத்துல 38 ஏக்கர எடுத்துக்கிட்டாங்க. காசு குடுத்தாங்க, மரத்துக்கு, பயிருக்கு, வீட்டுக்கு. மண்ணுக்கு ஒரு காசு கிடையாது, ஏன்னா 1954 ஓராங் அஸ்லி சட்டத்த வச்சு, மரம்தான் உங்களோடது மண்ணு அரசாங்கத்தோடதுன்னு கணக்கு, கேக்கவே எப்படி இருக்கு பாருங்க.

சாகோங் தாசின்னு ஒருத்தரும் இன்னும் ஆறு பேரும் கேஸ் போட்டாங்க. 2002-ல ஷா ஆலம் ஹைகோர்ட்டு, இது பரம்பரையா இவங்களுக்கு சொந்தமான நிலம், நில எடுப்புச் சட்டப்படி மண்ணுக்கும் சேத்து நஷ்டஈடு குடுன்னு சொல்லிருச்சு. 2005-ல அப்பீல் கோர்ட்டும் அதையேதான் சொன்னுச்சு, அந்தத் தீர்ப்ப எழுதுனது நீதிபதி கோபால் ஸ்ரீராம். அதுக்கப்புறமும் இழுத்து இழுத்து, சமரசமாகி 6.5 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்) கைக்கு வர 2010 ஆயிருச்சு. பதினஞ்சு வருசம் லா.

எனக்கு இது ஏன் உறுத்துதுன்னா, எங்க பாட்டிய தோட்டத்து வீட்ட காலி பண்ணச் சொன்னப்ப வாசல்ல இருந்த முருங்க மரத்தக் கூட யாரும் எண்ணல. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரல, தமிழங்க நாம வெளிய இருந்து வந்தவங்க, தெமுவான்காரங்க எல்லாருக்கும் முன்னாடியே இங்க இருந்தவங்க. ஏர்போர்ட்டு போறப்ப அந்த ரோட்டுல எத்தன தடவ பறந்திருப்பேன், அடியில யாரு நிலம்னு ஒரு தடவ கூட யோசிச்சதில்ல.

இருங்க, பாக்சிக் கூப்பிடுறாரு. கியூஆர் கிடையாதாம், ரொக்கம்தானாம். ஐயோ, பழத்த வேற ஒடைச்சாச்சு, காரு சீட்டுக்கு அடியில சில்லற கெடக்கான்னு பாத்துட்டு வரேன்.