முதல் பேட்ச் (patch) வாத்தியாருடையது

[திரையில்: கொழிஞ்சாம்பாறை கடைவீதி, தமிழிலும் மலையாளத்திலும் பெயர்ப்பலகைகள்]

பாலக்காடு மாவட்டத்துல சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் மீடியத்துல படிச்சுட்டுக் காலேஜுக்கு வர்ற பசங்களுக்கு லினக்ஸ் ஒண்ணும் புதுசில்ல. கேரளாவுல அரசுப் பள்ளி ஐ.டி. பாடமே, யார் வேணாலும் கோடைப் பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள்லதான் நடக்குது. எல்லாம் லிப்ரே ஆபீஸ் ரைட்டர்ல அடிச்சுப் பழகின கை. அதே லிப்ரே ஆபீஸ்ல ஒரு பிழை இருந்தா நாமளே திருத்தி, அந்தத் திருத்தத்தை, அதாவது ‘பேட்ச்’சை, அனுப்பலாம்னு சொல்லித் தரணும்னா? சொல்லித் தர்றவர் ஒரு தடவையாவது அனுப்பியிருக்கணுமே!

டொராண்டோவுல செனகா கல்லூரி, மாணவர்களை ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைச் செய்யற மொஸில்லாவோட கோடுலயே வேலை செய்ய விட்டுச்சு. 2009-ல ரெட் ஹாட் நிறுவனம் பேராசிரியர்களுக்குன்னே ‘பாஸி’ங்கிற பட்டறையைத் தொடங்குச்சு. அங்க வாத்தியாரே புது ஆளா ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்குள்ள போகணும், ஐ.ஆர்.சி. அரட்டையில முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட சந்தேகம் கேக்கணும்.

[திரையில்: டெர்மினல், பில்ட் ஓடிக்கிட்டே இருக்கு]

லிப்ரே ஆபீஸையே எடுத்துக்குவோம். புதுசா வர்றவங்களுக்குன்னு ‘ஈஸி ஹேக்’னு குறிச்ச பிழைகள், பிழைகளைப் பதிஞ்சு வைக்கிற பக்ஸில்லா தளத்துல இருக்கு. அதுல ஒண்ணைப் பிடிங்க. சோர்ஸை, அதாவது மூலக் கோடை, இறக்கி பில்ட் போடுங்க, அதாவது அதை ஓடுற புரோகிராமா மாத்துங்க. பழைய லேப் மெஷின்னா மணிக்கணக்கா ஓடும், அதுக்குள்ள ரெண்டு டீ குடிக்கலாம். திருத்தினதை கெரிட்ல ஏத்துங்க, மத்தவங்க அதைப் பார்த்துக் கருத்துச் சொல்ற தளம் அது.

[திரையில்: கெரிட் பக்கம், சிவப்புல மைனஸ் 1]

வந்துச்சா மைனஸ் ஒண்ணு? இப்படியே சேர்க்க வேண்டாம்னு அர்த்தம். ‘கமிட் மெசேஜ்ல ஏன் மாத்தினீங்கன்னு எழுதலையே’ன்னு, திருத்தத்தோட சேர்த்து எழுதற குறிப்பைப் பத்திக் கேட்டிருப்பாங்க. கேட்டவருக்கு உங்க ஸ்டூடண்ட் வயசுதான் இருக்கும். இருபது வருஷ சர்வீஸ் ஆளுக்குக் கொஞ்சம் சுருக்குனுதான் இருக்கும். பேசாம திருத்தி மறுபடி ஏத்துங்க. நாளைக்கு ஒரு பையன் ‘சார், என் பேட்ச்சை ஒத்துக்கலையாம்’னு வந்து நிக்கும்போது, உங்களுக்கு வந்த மைனஸைத் திறந்து காட்டலாம். பாடப்புத்தகம் இதைச் சொல்லித் தராது.

மார்க் விஷயத்துல மட்டும் உஷார். பேட்ச் சேர்ந்தாத்தான் மார்க்னு வெச்சிராதீங்க. ரிவ்யூ பண்றவங்கள்ல பல பேர் தன்னார்வலர்கள். நம்ம செமஸ்டர் அட்டவணை அவங்களுக்கு எதுக்கு? பிழையை எப்படித் தேடினாங்க, என்ன கேட்டாங்க, வந்த பதிலை வெச்சு என்ன மாத்தினாங்கன்னு பார்த்துப் போடுங்க. நவம்பர்ல பரீட்சைன்னா, ஆகஸ்ட்டுக்குள்ள முதல் பேட்ச் போயிடணும்.