பேரம் பேசினால் என்ன குற்றம்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'மக்கள் நலனுக்குப் பணம் வாங்கித் தருவது கொள்கைப் பிடிவாதமா, பேரப் பேச்சா?' என்பது தலைப்பு. பேரப் பேச்சே என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். 2018-ல் அமெரிக்காவில் சுகாதாரம், தொழிலாளர், கல்வி மூன்றுக்குமான நிதி மசோதாவை ராணுவ மசோதாவோடு சேர்த்துக் கட்டினார்களாம். மருந்தும் பீரங்கியும் ஒரே பொட்டலமா என்று கேட்டார்.

கட்டியது உண்மைதான் ஐயா. ஏன் கட்டினார்கள்? அந்நாட்டு நாடாளுமன்ற மேலவையான செனட்டில் குடியரசுக் கட்சி 51, எதிர்த்தரப்பு 49. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 கை வேண்டும். இவர்களுக்கு ராணுவம் முக்கியம், அவர்களுக்குப் பள்ளியும் மருத்துவமும். தனித்தனியே விட்டால் இரண்டும் நடுத்தெருவில் நிற்கும்!

பொட்டலம் கட்டினால் மட்டும் போதாது. இந்த நிதியைக் கவனிக்கும் செனட் துணைக்குழுவில் எதிரெதிர்க் கட்சிக்காரர்களான ராய் பிளண்டும் பேட்டி மர்ரேயும் தொகையைப் பேசினார்கள். மசோதாவைக் கவிழ்க்கும் புதுச் சர்ச்சை நிபந்தனைகளை வெளியே நிறுத்தினார்கள். செனட் வாக்கெடுப்பில் ஆதரவு 85, எதிர்ப்பு 7. நிதியாண்டு பிறப்பது அக்டோபர் 1. செப்டம்பர் 28-லேயே கையெழுத்து. அதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மசோதா நேரத்துக்கு வந்ததே இல்லை.

தாமதமானால் என்ன என்கிறீர்களா? மசோதா நிறைவேறும்வரை கொடுக்கும் இடைக்கால ஒதுக்கீட்டில் போன வருடத் தொகைதான் ஓடும், புதுத் திட்டம் தொடங்க முடியாது. தேசிய சுகாதார ஆய்வு நிறுவனம் நடப்பு ஆய்வுகளுக்கே ஒப்புக்கொண்ட தொகையில் வழக்கமாக 90 சதவீதம் வரைதான் கொடுக்கும். மீதி எப்போது வரும் என்று தெரியாமல் எந்த ஆய்வகம் ஆள் எடுக்கும்?

அந்த டிசம்பரில் மெக்சிகோ எல்லைச் சுவருக்கான பணச் சண்டையில் அரசின் ஒரு பகுதி 35 நாள் பூட்டிக் கிடந்தது. கல்வித்துறை, தொழிலாளர் துறை, அந்த ஆய்வு நிறுவனம் எல்லாம் திறந்திருந்தன. காரணம், அவற்றின் பணத்தை முன்பே உறுதி செய்திருந்த, எதிரணி கேலி செய்த அதே பொட்டலம்.

பேரத்தில் இழப்பே இல்லையா? உண்டு, மறைக்க மாட்டேன். துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் பணம் செலவிடக் கூடாது என்று 1996-ல் நிதி மசோதாவில் நுழைந்த வாக்கியம், அந்த ஆய்வையே இருபது வருடம் முடக்கிப் போட்டது. 2019 டிசம்பரில் என்ன செய்தார்கள்? வாக்கியத்தைத் தொடவில்லை. பக்கத்திலேயே துப்பாக்கி வன்முறை ஆய்வுக்கு 2.5 கோடி டாலர் வைத்தார்கள். மையத்துக்குப் பாதி, ஆய்வு நிறுவனத்துக்குப் பாதி. வாக்கியத்தை அழித்தால்தான் ஆச்சு என்று அடம்பிடித்திருந்தால் அந்தப் பணம் எந்த வழியாக வந்திருக்கும்? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும் நடுவர் அவர்களே.