இரண்டு முறை திவாலான மின்சார கம்பெனியின் கணக்கைப் படிக்கிறேன்

வணக்கம். முதலில் இதைப் பாருங்கள், கிட்டே காட்டுகிறேன், ஃபோகஸ் ஆகட்டும். இது எங்கள் பாட்டி வீட்டுக் கூடத்து ஊஞ்சலில் இருந்து கழற்றிய கொக்கி. போன மாதம் ஊருக்குப் போனபோது ஊஞ்சல் லேசாக ஒரு பக்கம் இறங்கியிருந்தது, ஆசாரி வந்து கழற்றிப் பார்த்தார். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வளையம் உட்காருகிற இந்த வளைவில் மட்டும் பாருங்கள், கத்தியால் சீவியது மாதிரி பாதி தடிமன் போய்விட்டது. யாரும் எதுவும் செய்யவில்லை, இத்தனை வருடம் ஆடினதே போதும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இன்றைக்குப் பேசப் போகிறேன், ஏனென்றால் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு கொக்கி கலிஃபோர்னியாவில் ஒரு ஊரையே எரித்து, அமெரிக்காவின் பெரிய மின்சார கம்பெனிகளில் ஒன்றைத் திவாலாக்கியது. பி.ஜி. அண்ட் இ. பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக். 1905இல் தொடங்கிய கம்பெனி, கலிஃபோர்னியாவின் வடக்கிலும் நடுவிலும் சுமார் 1.6 கோடி பேருக்கு கரண்டும் கேஸும் கொடுக்கிறது. கணக்கைப் பார்த்தால் நன்றாகவே இருக்கிறது. 2022இல் 1.8 பில்லியன் டாலர் லாபம், 2023இல் 2.2 பில்லியனுக்கு மேல், 2024இல் சுமார் 2.5 பில்லியன். படிப்படியாக ஏறுகிறது. "நல்ல ஸ்டாக் போல இருக்கிறதே" என்று தோன்றும். அந்தத் தோற்றத்தைப் பற்றித்தான் இந்த வீடியோ. வாங்கச் சொல்லவும் இல்லை, விற்கச் சொல்லவும் இல்லை, கமென்ட்டில் டார்கெட் கேட்காதீர்கள்.

மின்சார விநியோக கம்பெனியின் லாபம் சோப்பு கம்பெனி லாபம் மாதிரி கிடையாது. சோப்பு அதிகம் விற்றால் லாபம் அதிகம். இங்கே எத்தனை யூனிட் விற்றார்கள் என்பதற்கும் லாபத்துக்கும் பெரிதாகச் சம்பந்தமே இல்லை, கலிஃபோர்னியா அந்த முடிச்சை 1980களிலேயே அவிழ்த்துவிட்டது. கம்பெனி வெளியில் இருந்து வாங்குகிற கரண்டின் விலையை அப்படியே பில்லில் போட்டு வசூலித்துக்கொள்ளலாம், அதன் மேல் லாபம் வைக்க முடியாது. அப்படியென்றால் லாபம் எங்கிருந்து வருகிறது? கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், கேஸ் குழாய் என்று கம்பெனி போட்ட முதலீடு இருக்கிறதல்லவா, அதில் பங்குதாரர்கள் பணமாகப் போட்ட பகுதிக்கு வருடத்துக்கு 10 சதவீதத்தை ஒட்டி சம்பாதித்துக்கொள்ளலாம் என்று, கட்டணத்தை முடிவு செய்கிற மாநில ஆணையம் அனுமதிக்கும். அவ்வளவுதான் கணக்கு. முதலீடு பெருத்தால் லாபம் பெருக்கும்.

இதில் ஒரு கோணல் இருக்கிறது. புதிதாக ஒரு கம்பம் நட்டால் அது முதலீடு, பல வருடம் லாபம் தரும். ஒரு ஆளை டவர் மேல் ஏற்றி கொக்கி தேய்ந்திருக்கிறதா பார் என்று சொன்னால் அது வெறும் செலவு, அதில் லாபம் சல்லிக்காசு கிடையாது. இந்தச் செலவுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பில்லில் அனுமதித்த பிறகு, கம்பெனி அதைவிடக் குறைவாகச் செலவழித்தால், பெரும்பாலும் அந்த மிச்சம் அப்போதைக்குப் பங்குதாரர் பக்கம் நிற்கும். அதனால்தான் கொக்கியைப் பார்க்கவில்லை என்று நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. ஆனால் பணம் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடும் என்று தெரிந்துகொண்டு ஆண்டறிக்கையைப் படித்தால் வேறு மாதிரி தெரியும்.

சரி, அந்த நாள். 2018 நவம்பர் 8, காலை ஆறேகால் மணி. மலைப் பள்ளத்தாக்கில் காரிபூ-பலெர்மோ என்று ஒரு உயர் அழுத்த லைன். இவர்கள் போட்ட லைன்கூட இல்லை, 1921 வாக்கில் வேறொரு கம்பெனி போட்டது, 1930இல் அந்தக் கம்பெனியை வாங்கியபோது இந்த லைனும் சேர்ந்து வந்தது. டவரில் பீங்கான் இன்சுலேட்டர் சரத்தைத் தாங்கியிருந்த ஒரு கொக்கி, காற்றில் ஆடி ஆடி ஏறக்குறைய நூறு வருடமாகத் தேய்ந்தது, அன்றைக்குக் காலை பட்டென்று அறுந்தது. கரண்ட் ஓடுகிற கம்பி டவர் இரும்பில் மோதி, உருகிய உலோகம் கீழே காய்ந்த புல்லில் விழுந்தது. ஓரிரண்டு மணி நேரத்தில் பாரடைஸ் என்கிற ஊர் எரிய ஆரம்பித்துவிட்டது. 85 பேர் இறந்தார்கள். சுமார் 18,800 கட்டடங்கள் சாம்பல். பிறகு விசாரித்ததில், அந்த டவரில் குறைந்தது 2001இல் இருந்து ஆள் ஏறிப் பார்க்கவே இல்லை என்று தெரிந்தது. பக்கத்து டவர்களிலும் இதே மாதிரி தேய்ந்த கொக்கிகள் தொங்கிக்கொண்டிருந்தன. (ஊஞ்சலாவது க்ரீச் என்று கத்தும். மலை மேல் கத்தினால் யாருக்குக் கேட்கும்.)

இப்போது அந்த வருடக் கணக்குக்கு வருகிறேன், எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த இடம், பிடித்த என்றால் வயிற்றெரிச்சலோடு பிடித்த இடம். 2018ஆம் ஆண்டு முடிவில் கம்பெனி இரண்டு எண் கொடுத்தது. கணக்கியல் விதிப்படி 6.9 பில்லியன் டாலர் நஷ்டம். கூடவே இன்னொரு எண், "வழக்கமான செயல்பாட்டில் வந்த லாபம்" என்கிற மாதிரி ஒரு பெயரில், 2 பில்லியனுக்கு மேல் லாபம். ஒரே கம்பெனி, ஒரே வருடம். எப்படி? தீ சம்பந்தமான செலவெல்லாம் வழக்கமானது இல்லை என்று தனியே எடுத்து வைத்துவிட்டார்கள். சட்டப்படி இதில் தப்பில்லை, அமெரிக்காவில் பல கம்பெனிகள் செய்வதுதான், இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம் என்று அட்டவணை போட்டும் காட்டுவார்கள். ஆனால் 2017இலும் தீ, 2018இலும் தீ, பிறகு 2019, 2020, 2021 எல்லாவற்றிலும் தீ என்றால், இதில் எது வழக்கம், எது விதிவிலக்கு? அதனால் எந்த கம்பெனி "கோர் லாபம்", அதாவது இந்த மாதிரி வழக்கமான லாபம், என்று சொன்னாலும், அதற்காக எதை வெளியே தள்ளினார்கள் என்கிற அட்டவணையை நான் முதலில் தேடுவேன்.

அதே அறிக்கையில் இன்னொரு வரி இருந்தது, இந்த நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்பதே கணிசமான சந்தேகம் என்று. அறிக்கை வருவதற்குள் திவால் மனுவே போட்டாகிவிட்டது, 2019 ஜனவரி 29. தீ விபத்துகளுக்கான பொறுப்பு மட்டும் 30 பில்லியன் டாலரைத் தாண்டலாம் என்றார்கள். 2017 செப்டம்பரில் 70 டாலர் அருகே இருந்த பங்கு 2019இல் ஒரு கட்டத்தில் 5 டாலருக்கும் கீழே போனது. பென்ஷன்காரர்கள் "கரண்ட் கம்பெனி, பாதுகாப்பானது, டிவிடெண்ட் வரும்" என்று வாங்கி வைத்திருந்த பங்கு அது. டிவிடெண்டை 2017 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள், ஆறு வருடம் கழித்து மறுபடி அறிவித்தபோது எவ்வளவு தெரியுமா, காலாண்டுக்கு ஒரு சென்ட்.

இவ்வளவு பெரிய தொகை ஏன் வந்தது என்று கேட்பீர்கள். கலிஃபோர்னியா சட்டத்தில் ஒரு கோட்பாடு: மின் கம்பெனியின் கம்பியில் இருந்து தீ வந்தது என்று நிரூபித்தால் போதும், கம்பெனி கவனக்குறைவாக இருந்ததா இல்லையா என்பதே கேள்வி இல்லை, சொத்து இழப்பை அது கொடுத்தாக வேண்டும். பொது உபயோகத்துக்கு அரசு ஒருவருடைய நிலத்தை எடுத்தால் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்பதன் மறுபக்கம் இது. அப்புறம் அந்தச் செலவை வாடிக்கையாளர் பில்லில் ஏற்ற முடியுமா என்றால் அது ஆணையத்தின் கையில், விவேகமாக நடந்தீர்களா என்று அவர்கள் கேட்பார்கள். கொடுப்பது கட்டாயம், திரும்ப வாங்குவது உறுதியில்லை. ஆண்டறிக்கையின் ரிஸ்க் பகுதியில் பக்கம் பக்கமாக இருப்பதன் சாரம் இதுதான்.

திவாலில் இருந்து வெளியே வந்த விதம் இன்னும் விசித்திரம். பாதிக்கப்பட்டவர்களுக்கு 13.5 பில்லியன் டாலர் என்று ஒரு அறக்கட்டளை வைத்தார்கள், அதில் பாதி ரொக்கம், பாதி அதே கம்பெனியின் பங்கு. யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டை எரித்த கம்பெனியின் பங்கு ஏற வேண்டும் என்று நீங்களே வேண்டிக்கொள்ள வேண்டும். பலருக்கு முழுத்தொகை கிடைக்கவும் இல்லை. 2020 ஜூனில் அப்போதைய தலைமை அதிகாரி பில் ஜான்சன் நீதிமன்றத்தில் நின்றார், நீதிபதி வழக்கில் சேர்த்திருந்த, இறந்த 84 பேரின் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க, 84 முறை "குற்றவாளிதான்" என்று ஒப்புக்கொண்டார். அபராதம் சுமார் 35 லட்சம் டாலர்தான், சட்டத்தில் அவ்வளவுதான் உச்சவரம்பு. இரண்டு வாரம் கழித்து ஜூலை 1இல் கம்பெனி திவாலில் இருந்து வெளியே வந்தது.

இது முதல் திவாலும் இல்லை. 2001 ஏப்ரலில் ஒருமுறை நடந்தது, அப்போது தீ எதுவும் இல்லை. மொத்த விற்பனைச் சந்தையில் கரண்ட் விலை எகிறிவிட்டது, வீட்டுக்கு விற்கிற விலையை அரசு உறைய வைத்திருந்தது, வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவே கம்பெனி நசுங்கியது. இரண்டு திவாலுக்கு நடுவில் 2010இல் சான் புரூனோவில் கேஸ் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள். அந்தக் குழாயில் பற்றவைத்த தையல் இருந்தது, கம்பெனியின் பதிவேட்டில் தையலில்லாத குழாய் என்று எழுதியிருந்தது. தன்னிடம் என்ன குழாய் இருக்கிறது என்றே சரியாகத் தெரியாத கம்பெனியின் லாப எண்ணைத் தசமப் புள்ளி வரை நம்பி என்ன செய்வது?

சரி, இப்போது எப்படி? 2019இல் மாநிலம் தீ இழப்பீட்டுக்கு உதவ 21 பில்லியன் டாலருக்கு ஒரு காட்டுத்தீ நிதியம் அமைத்தது, பாதி வாடிக்கையாளர் பணம், பாதி மாநிலத்தின் மூன்று பெரிய மின்சார கம்பெனிகளின் பங்குதாரர் பணம். அடிக்கிற காற்றில் முன்கூட்டியே கரண்டை நிறுத்துகிறார்கள், 2019 அக்டோபரில் அப்படி 20 லட்சம் பேருக்கு மேல் இருட்டில் இருந்தார்கள். 2021இல், 10,000 மைல் கம்பியை மண்ணுக்குள் புதைப்போம் என்று அறிவித்தார்கள். மைலுக்கு 30 லட்சம் டாலர் அளவில் ஆகிற வேலை. நல்லதுதான், புதைத்த கம்பி மரத்தில் உரசாது. ஆனால் முதலில் சொன்ன கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், புதைப்பது முதலீடு, முதலீட்டுக்கு லாபம் உண்டு. மேலே போகிற கம்பிக்கு உறை போடுவது, மரத்தை வெட்டுவது எல்லாம் மலிவு, லாபமும் கம்மி. 2.5 பில்லியன் லாபம் எங்கிருந்து வளர்கிறது என்பதற்கு இங்கே பாதி பதில் இருக்கிறது. மீதி பதில் பில்லில் இருக்கிறது. இந்தச் செலவெல்லாம் சேர்ந்து அங்கே வீட்டு மின்கட்டணம் அமெரிக்காவிலேயே உச்சமான இடங்களில் ஒன்றாகிவிட்டது, முடிந்தவர்கள் கூரையில் சோலார் போட்டு விலகுகிறார்கள், மிச்சம் இருப்பவர்கள் தலையில் கம்பிச் செலவு இன்னும் கூடுதலாக விழுகிறது. கடன் 50 பில்லியன் டாலரைத் தாண்டி நிற்கிறது, வட்டி ஏறினாலும் வலிக்கும்.

இன்னொன்று, எனக்கே படிக்கும்போது தூக்கிவாரிப் போட்டது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஈட்டன் தீ. அது பி.ஜி. அண்ட் இ பகுதியே இல்லை, தெற்கே, அந்த மூன்றில் இன்னொன்றான எடிசன் கம்பெனியின் பகுதி. ஆனால் நிதியம் பொதுவானது. எடிசன் பக்கம் பெரிய தொகை போனால் இவர்கள் குடையும் ஓட்டையாகும், அதனால் இந்தப் பங்கும் சேர்ந்து விழுந்தது. அந்த வருடமே மாநிலம் இன்னொரு 18 பில்லியனுக்கு வழி செய்து நிதியத்தை நீட்டித்தது.

பிப்ரவரி வாக்கில் ஆண்டறிக்கை வரும். லாபம் எவ்வளவு என்பதை வந்த அன்றே எல்லா சேனலும் சொல்லிவிடும். நான் நிதியத்தில் மிச்சம் எவ்வளவு, "வழக்கமில்லாத செலவு" என்று எதை ஒதுக்கினார்கள், பழைய டவர்களில் எத்தனையில் ஆள் ஏறிப் பார்த்தார்கள், இந்த மூன்றையும் தேடி எடுத்துக்கொண்டு வருகிறேன். கொக்கியை நாளைக்கு ஊருக்கு அனுப்ப வேண்டும், ஆசாரி அளவுக்குக் கேட்கிறார்.