செம்பு உடம்புக்கு நல்லதுதானே, பிறகு மீன் ஏன் சாகிறது?

வணக்கம். தலவாக்கலையில் கொத்மலை ஓயா கரையில் நிற்கிறேன், ஆற்றுச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தேயிலைக்குச் செம்பு மருந்து அடிக்கும் டாங்கியை ஆற்றில் கழுவாதீர்கள் என்று போன வீடியோவில் சொன்னேன் அல்லவா, அதற்குக் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அக்கா, எங்கள் அம்மா செம்புக் குடத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிக்கச் சொல்கிறார், நீங்கள் செம்பு ஆற்றில் கலந்தால் மீன் செத்துவிடும் என்கிறீர்கள், இரண்டில் எது உண்மை?" நல்ல கேள்வி. இரண்டும் உண்மை. எப்படி என்று சொல்லத்தான் இந்த வீடியோ, கொஞ்சம் நீளமாகப் போகும்.

குடிநீரில் ஒரு லீற்றருக்கு 2 மில்லிகிராம் செம்பு வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதை மைக்ரோகிராமில் சொன்னால் 2000. இப்போது மீன் பக்கம் வாருங்கள். வெள்ளைக்காரர்கள் 1880களில் நுவரெலியாப் பக்கத்து ஆறுகளில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன் தெரியும்தானே, அந்த இனத்தில் ரெயின்போ ட்ரவுட் குஞ்சுகளை கல்சியம் மாதிரித் தாதுக்கள் குறைந்த மென்மையான தண்ணீரில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஒரு லீற்றரில் ஏறக்குறைய 20 மைக்ரோகிராம் செம்பு இருந்தாலே நான்கு நாளில் பாதிக் குஞ்சுகள் போய்விடுகின்றன. நமக்கு 2000 வரை பரவாயில்லை, அதற்கு 20 தாங்காது. நூறு மடங்கு வித்தியாசம்.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், நாம் தண்ணீரைக் குடிக்கிறோம், மீன் தண்ணீரில் மூச்சு விடுகிறது. நாம் குடித்த செம்பு குடலுக்குப் போய், கல்லீரலுக்குப் போய், தேவையானது போக மிச்சம் பித்தத்தோடு வெளியேறிவிடும். மீனுக்கு அந்த வசதி இல்லை, தண்ணீர் நேராக அதன் செவுள் மேல் ஓடிக்கொண்டே இருக்கிறது. செவுள் மூச்சு விட மட்டும் இல்லை. நன்னீர் மீனின் உடம்பில் இருக்கும் உப்பு எந்த நேரமும் வெளியே கசிந்துகொண்டே இருக்கும், அதை ஈடுகட்ட ஆற்றில் இருக்கும் கொஞ்சநஞ்ச சோடியத்தைச் செவுள்தான் இழுத்து உள்ளே எடுக்கிறது. செம்பு அந்த இழுக்கும் வேலையை நிறுத்திவிடும். மீன் உப்பை இழந்து இழந்து, கடைசியில் இரத்தம் தடித்து, இதயம் நின்று சாகிறது. கட்மியம், நாகம் (துத்தநாகம்) என்ற உலோகங்கள் இன்னொரு வழியில் வருகின்றன, அவை கல்சியம் போகும் பாதையை அடைத்துவிடுகின்றன.

சாகாவிட்டால் தப்பித்தது என்றும் நினைக்க வேண்டாம். எனக்கு இதில் மனதை மிகவும் உறுத்தும் விஷயமே அதுதான். அமெரிக்காவில் கோஹோ சால்மன் குஞ்சுகளை வைத்துப் பார்த்ததில், லீற்றருக்கு 2 முதல் 20 மைக்ரோகிராம் செம்பு கூடினாலே மூக்கு மந்தமாகிவிடுகிறது. ஒரு மீன் கடிபட்டால் அதன் தோலிலிருந்து ஒரு பொருள் தண்ணீரில் கலக்கும், மற்ற குஞ்சுகள் அதை மோந்ததும் அசையாமல் பதுங்கிவிடும். மூக்கு வேலை செய்யாத குஞ்சு பதுங்காது, திரிந்துகொண்டே இருக்கும், பெரிய மீன் வந்து பிடித்துக்கொள்ளும். செத்த மீன் மிதக்கவில்லை, அதனால் ஆறு நன்றாகத்தான் இருக்கிறது என்று கரையில் நிற்கும் நாம் நினைத்துக்கொள்வோம்.

சரி, இப்போது நம்முடைய மலைக்கு வருவோம்.

உங்கள் வீட்டுக் கேத்தலைத் திறந்து அடியைப் பாருங்கள். அநுராதபுரத்தில், வவுனியாவில், யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் இருந்தால் அவர்களுடைய கேத்தலையும் பாருங்கள். அங்கே வெள்ளையாகத் தட்டுத் தட்டாகப் படிந்திருக்கும், நம்முடையதில் அநேகமாக ஒன்றும் இருக்காது. அந்த வெள்ளை கல்சியம், மக்னீசியம் எல்லாம்தான். நம்முடைய மலை பழைய கருங்கல் பாறை, மழையும் அதிகம், தண்ணீர் பாறையில் ஊறிக் கரைத்து எடுக்க நேரமில்லாமல் ஓடிவந்துவிடுகிறது, அதனால் பீலித் தண்ணீர் மென்மையாக இருக்கிறது. தேத்தண்ணிக்கு அது அருமை. மீனுக்கு அதுதான் ஆபத்து. செவுளை ஒரு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், கல்சியம் ஏறி இருக்கைகளைப் பிடித்துக்கொண்டால் செம்புக்கு உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். நம்முடைய ஆற்றில் கல்சியம் குறைவு, பஸ் காலி, செம்பு கொஞ்சம் வந்தாலும் வந்ததெல்லாம் உட்கார்ந்துவிடும். அதனால் வறண்ட பகுதிக் குளத்து மீன் தாங்குகிற அளவை நம்முடைய ஓடை மீன் தாங்காது. கீழே எங்கேயோ அளந்த ஒரு எண்ணைக் காட்டி, பயமில்லை, வரம்புக்குள்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்தத் தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கல்சியமும் மக்னீசியமும், எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். உலோகத்தின் அளவை மட்டும் சொல்வது பாதிக் கதைதான். நான் இன்றைக்குச் சொல்ல வந்ததே இதுதான்.

எங்கிருந்து இங்கே செம்பு வருகிறது? தேயிலையில் கொப்புள நோய் தெரியுமே, இளம் இலையில் வட்டமாகக் கொப்புளம் போட்டு அடியில் வெள்ளையாகப் பூக்கும். 1946ல் இலங்கைக்கு வந்தது, அப்போதிலிருந்து அதற்குச் செம்பு மருந்துதான் முக்கியமான கைவைத்தியம். அதற்கும் முன்னால் இந்த மலையெல்லாம் கோப்பி. 1869ல் இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழித்தது, செம்பும் சுண்ணாம்பும் கலந்த மருந்தை பிரான்ஸில் கண்டுபிடித்தது 1885ல், அதற்குள் இங்கே கோப்பி முடிந்தே போயிற்று. அந்த மருந்து கொஞ்சம் முந்தி வந்திருந்தால் நம்முடைய பாட்டன் பூட்டன் வெட்டிய மலைகளில் இன்றைக்கும் கோப்பிதான் நின்றிருக்குமோ என்னவோ. ஆகவே நான் செம்பு மருந்தே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் கொழுந்து இல்லை, கொழுந்து இல்லாவிட்டால் பேரும் இல்லை, அதாவது அன்றைய சம்பளமும் இல்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. கொப்புள நோய் மூடுபனியிலும் மழையிலும்தான் கூடும், அப்படியென்றால் மருந்தடிப்பதும் மழைக்காலத்தில்தான். அடித்த மருந்தில் ஒரு பகுதி மழையோடு மண்ணுக்கு இறங்கும். செம்பு மேல் மண்ணில், மக்கிய இலையில் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், ஆழத்துக்குப் போகாது, பூச்சி மருந்து மாதிரி நாளாக நாளாகச் சிதைந்தும் போகாது. உலோகம் உலோகமாகவே இருக்கும், வருஷா வருஷம் சேரும். மண் அங்கேயே நின்றால் பெரிய பிரச்சினை இல்லை. நம்முடைய சரிவில் மண் நிற்கிறதா? இதோ, கமெராவைத் திருப்புகிறேன், அந்தப் பக்கக் கானில் இருந்து வரும் தண்ணீரின் நிறம் தெரிகிறதா? அது மேல் மண். மண் வரும்போது அதில் ஒட்டியதும் சேர்ந்துதான் வருகிறது. இது இங்கே மேல் கொத்மலை அணையில் படியும், தாண்டிப் போனால் கொத்மலை நீர்த்தேக்கம், அப்புறம் மகாவலி. நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்துத் தண்ணீர் காசல்ரீ, மவுசாக்கலை வழியாகக் களனிக்குப் போய்க் கொழும்பில் குழாயைத் திறப்பவர் வரைக்கும் போகிறது.

இப்போது செடி. செம்பு செடிக்கும் கொஞ்சம் வேண்டும், ஒளிச்சேர்க்கைக்கே வேண்டும். மிஞ்சினால் முதலில் அடிபடுவது வேர். நுனி வளராது, கட்டையாய்த் தடித்துப் பழுப்பாகும், சின்ன வேர்கள் விடாது, இரும்பை எடுக்க முடியாமல் புது இலை மஞ்சளாகும். செடி மஞ்சளானதும் உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரம் போடுவார்கள். பிடுங்கி வேரைப் பாருங்கள் என்பேன் நான்.

தேயிலை மட்டும் ஒரு விசித்திரமான செடி. அலுமினியம் செம்பு, நாகம் மாதிரிப் பாரமான உலோகம் இல்லை, ஆனாலும் அதைச் சொல்லாமல் நம்முடைய மண்ணைப் பற்றிப் பேச முடியாது. மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து மற்றச் செடிகளின் வேர் நுனியைக் கருக்கும், தேயிலையோ அதை எடுத்து முற்றிய இலையில் பூட்டி வைத்துக்கொள்கிறது, ஒரு கிலோ உலர்ந்த முற்றல் இலையில் 30 கிராம் வரைக்கும்கூட. கொழுந்தில் அவ்வளவு இல்லை, குடிக்கும் தேத்தண்ணியில் இறங்குவது இன்னும் குறைவு, பயந்து குடிப்பதை விட்டுவிடாதீர்கள். நுவரெலியாவில் ஹைட்ரேஞ்சியாப் பூ நீலமாகப் பூப்பதும் இந்த அலுமினியத்தால்தான். அந்த நீலப் பூவைப் பார்த்தால் மண் புளித்திருக்கிறது என்று அர்த்தம்.

மண் புளிப்பாக இருந்தால் கட்மியமும் எளிதாக நகரும். மரக்கறி செய்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். செம்பு, நாகம் கூடினால் செடியே முதலில் வாடி நமக்குக் காட்டிக்கொடுத்துவிடும். கட்மியம் அப்படிக் காட்டாது. நாகமும் இரும்பும் உள்ளே போகும் அதே வாசலால் வேருக்குள் நுழைந்து இலைக்கு ஏறிவிடும், செடி பச்சையாக, பார்க்க அழகாக இருக்கும், சாப்பிடுகிறவருக்குத்தான் பாதிப்பு. சலாது, கீரை மாதிரி இலை வகைகளில் கூடுதலாகச் சேரும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுத் தண்ணீர் பாய்ந்த வயல்களில் விளைந்த சோற்றைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு நொறுங்கி, வலி தாங்காமல் துடித்தார்கள், சுரங்கத்துக் கட்மியம்தான் காரணம் என்று 1968ல் அந்த அரசாங்கமே ஒத்துக்கொண்டது. நம்முடைய நிலைமை அது இல்லை, இங்கே அப்படிச் சுரங்கம் இல்லை. ஆனால் படிவுப் பாறையில் இருந்து எடுக்கும் பொஸ்பேட் உரத்தில் கட்மியம் கலந்தே வருகிறது, உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் அள்ளி அள்ளிப் போடும்போது அதையும் சேர்த்தே போடுகிறோம். மண்ணைப் பரிசோதித்து, தேவையான பொஸ்பேட்டை மட்டும் போடுங்கள். டொலமைட் போட்டுப் புளிப்பைக் குறைத்தால் கட்மியம் மண்ணிலேயே நின்றுவிடும். மரக்கறிக்கு 6க்கு மேலே கொண்டுவரலாம், தேயிலைக்கு அப்படிச் செய்யக்கூடாது, தேயிலைக்கு 4.5இலிருந்து 5.5 வரைதான் பிடிக்கும்.

மருந்தடிக்கும் அண்ணாமாருக்கு ஒன்று. டாங்கி கழுவும் தண்ணீரை ஆற்றிலும் கானிலும் ஊற்றாமல், மருந்தடித்த அதே மலையிலேயே செடிக்கு அடித்து முடித்துவிடுங்கள். மண்ணில் போனால் ஒட்டிக்கொள்ளும், ஓடையில் போனால் நேரே செவுளுக்குப் போகும். இதை மருந்தடிக்கிறவர் தலையில் மட்டும் போடுவதும் நியாயம் இல்லை, கழுவுவதற்கு மலையில் தண்ணீரும் இடமும் செய்துகொடுக்க வேண்டியது நிர்வாகம். ஓடைக் கரையோரம் மரமும் புல்லும் விட்டுவைத்தால் மண் நிற்கும், மக்கிய இலையில் ஊறி வரும் பழுப்புத் தண்ணீர் செம்பைப் பிடித்து அதன் விஷத்தையும் குறைக்கும். பழைய வாகனப் பட்டரியை ஓடையோரம் உடைத்து ஈயம் எடுப்பது, டோர்ச் பட்டரியைக் கானில் எறிவது, இதெல்லாம் தயவுசெய்து வேண்டாம். அப்புறம் லயத்துப் பிள்ளைகள் தொட்டியில் மீன் வளர்க்கிறார்களே, புதுத் தகரக் கூரையில் வழியும் மழைத் தண்ணீரை அதில் விடாதீர்கள், தகரத்தின் நாகப் பூச்சு கரைந்து வரும், மழைத்தண்ணீரில் கல்சியமும் இருக்காது.

கடைசியாக, இன்னும் பல பேர் கேட்டது: நீர்த்தேக்கத்து மீனைச் சாப்பிடலாமா? செம்பும் கட்மியமும் மீனில் சேர்வது பெரும்பாலும் செவுள், கல்லீரல், சிறுநீரகத்தில், சதையில் மிகக் குறைவு. ஆகவே செவுள், குடல், கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் முழுசாக எடுத்துவிட்டுச் சதையைச் சமைத்துச் சாப்பிடலாம். பாதரசம் மட்டும் வேறு, அது சதையிலேயே சேரும், மீனைத் தின்னும் பெரிய மீனில் கூடிக்கொண்டே போகும். திலாப்பியா பாசியும் புல்லும் தின்னும் மீன், அதில் அந்தக் கவலை குறைவு.